ஒன்பதாம் குழாயில் ஆள் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால். மெஷின் தன் நாற்பது சுற்றையும் ஓடி முடித்து ஒரு மணி அடித்தது. ரிஹாப் எழுந்து வரவில்லை; உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியோடு உருண்டே வந்து திரைக்கு முன்னால் நின்றாள். பதினான்கு நோயாளிகள், பதினான்கு குழாய்கள். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கீழிருந்து மேலாக.

"உஸ்தாத்! இங்க வாங்க! ஒன்பதுல ஆளே இல்ல!"

ஆய்வகத் தலைவர் இஸ்ஸத் எகிப்துக்காரர். சவுதியின் ஹஸாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் டீயில் சர்க்கரையைக் குறைக்காதவர். கிளாஸைக் கையில் பிடித்தபடியே கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏன் தாயே கத்துற? பதினாலும் நெகட்டிவ். யாருக்கும் கொரோனா இல்ல. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிக் கையெழுத்தைப் போடு."

அது 2014 ஏப்ரல். உலகத்தையே வீட்டுக்குள் பூட்டப்போகும் கொரோனா அப்போது பிறக்கவில்லை. ஒட்டகத்திடமிருந்து மனிதனுக்குத் தொற்றி நுரையீரலைத் தின்னும் மெர்ஸ் என்ற வைரஸைத்தான் ஹஸாவில் எல்லோரும் கொரோனா என்று சொன்னார்கள். இருமல் என்று யார் வந்தாலும் மூக்குக்குள் குச்சி விட்டு, அந்தக் குச்சியைக் குழாயில் போட்டு ரிஹாபிடம் அனுப்பினார்கள். மெஷின் ஒவ்வொரு குழாயிலும் இரண்டு விஷயங்களைத் தேடும். ஒன்று வைரஸ். இன்னொன்று, மனித உடம்பின் சுவடு. வைரஸ் இருந்தால் அதன் கோடு திரையில் மேலே ஏறும்; அதிகம் இருந்தால் முந்திய சுற்றிலேயே ஏறும். மனிதக் கோடு எப்படியும் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அந்தக் குச்சி சரியாக எந்த மனிதனையும் தொடவில்லை என்று அர்த்தம்.

ஒன்பதாம் குழாயில் மனிதக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. முப்பத்தெட்டாம் சுற்றில்தான் லேசாகத் தலை தூக்கியது.

"வைரஸ் இல்லைதான் உஸ்தாத். ஆனா ஆளும் இல்லையே. ஒருத்தர் வீட்டுக்கே போகாம, தெருமுனையில நின்னு பார்த்துட்டு வந்து, வீட்ல யாரும் இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?"

"உனக்கு மறுபடியும் ஓட்டணும். அவ்வளவுதானே?"

"ஓட்டி என்ன பண்ண? குச்சியே சரியில்ல. மறுபடியும் எடுக்கணும்."

மறுபடியும் என்பது அவளுக்கு ஆய்வகம் வைத்த பெயர். ரிஹாப் மறுபடியும். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். தினமும் அவளைக் காரில் கூட்டிப்போக வரும் தம்பிக்குக்கூட, "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று அக்கா சொன்னால் மெஷினின் ஒரு ஓட்டம், அதாவது ஒன்றரை மணி நேரம் என்று தெரியும். அவன் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவான்.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அந்த வருஷம்தான் கட்டாயமாகியிருந்தது. அரிவாள் செல் நோய் ஹஸாவில் தெருவுக்கு நாலு வீட்டில் உண்டு. இரண்டு பேருமே அதைச் சுமந்தால் பிள்ளைக்கு ஆபத்து. மாப்பிள்ளையோடு அக்காவும் சுமக்கிறாள் என்று தாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே விலகிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து ரிஹாப் பிடிவாதம் பிடித்து அக்காவை வேறொரு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மறுபடியும் பார்த்தபோது ரத்தத்தில் ஒன்றும் இல்லை. யாரோ எங்கோ இரண்டு குழாய்களை மாற்றி ஒட்டியிருந்தார்கள். அதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம் முடிந்திருந்தது. கணக்குப் படிக்கச் சேர இருந்தவள், மறு வாரமே மனுவை வாங்கி ஆய்வகப் படிப்பு என்று திருத்தி எழுதிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் குழாயின் சீட்டைப் பார்த்தாள். முத்லிக், வயது அறுபத்திரண்டு, ஒட்டகம் வளர்ப்பவர். நாலு நாளாகக் காய்ச்சல், தனி அறை. வார்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் மர்ஸூக், அந்தக் குச்சியை எடுத்த இளம் நர்ஸ்.

"மர்ஸூக், முத்லிக்குக்கு நீதானே எடுத்த? குச்சிய எவ்ளோ தூரம் உள்ள விட்ட?"

"விடவேண்டிய தூரம் விட்டேன்க்கா."

"அளவு சொல்லு."

அவன் தொண்டையைக் கனைத்தான்.

"மர்ஸூக்?"

"ஒரு நகம் அளவு."

"நகமா! மூக்கோட கடைசிச் சுவரைத் தொட்டுச் சுத்தணும்னு படம் போட்டுக் காட்டினேனே! மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்காத்தானே எடுக்கிற?"

"மத்தவங்க வேறக்கா. இவர் எங்க கூட்டத்துப் பெரியவர். எங்கள்ல ரெண்டு பேர் பார்த்துக்கிட்டா மூக்கோட மூக்கு தொட்டு சலாம் சொல்லுவோம். வாக்குக் கொடுத்தா மூக்கு நுனியில விரல் வைப்போம். இவர் மூக்கைத் தொட்டுச் சொன்னா ரெண்டு வருஷச் சண்டை அன்னைக்கே முடியும். அந்த மூக்குக்குள்ள நான் குச்சிய விட்டுக் குடையறதா? எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள விடுவாரா?"

ரிஹாபுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சரி, அவருக்கு என்ன அவசரம்? ஏன் ரிசல்ட் கேட்டுக் காலையிலேர்ந்து மூணு போன்?"

"வியாழக்கிழமை அவரோட கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம்க்கா. ஆம்பளைங்க கூடாரத்துல மட்டும் ஐந்நூறு பேர். நெகட்டிவ்னு வந்தா தனி அறையிலேர்ந்து விட்டுடலாம்னு சொல்லியிருக்காங்க."

ரிஹாப் போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். ஐந்நூறு பேர். ஐந்நூறு மூக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக, பெண்ணின் தகப்பன் மூக்கோடு உரச வரிசையில் நிற்கும்.

தாளில் நெகட்டிவ் என்று எழுதவில்லை. 'சாம்பிள் செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

*

புதன்கிழமை காலை மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை வார்டு டாக்டர் பாபிகிர் தானே எடுத்தார். அவர் சூடான்காரர், நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், யார் மூக்குக்கும் பயப்படாதவர். மெஷின் ஓடி முடிந்தபோது மனிதக் கோடு இருபத்துமூன்றாம் சுற்றிலேயே ஜம்மென்று எழுந்தது. நல்ல குச்சி. வைரஸ் கோடு ஆடாமல் அசையாமல் தரையில் கிடந்தது.

"இப்ப சந்தோஷமா தாயே?" என்றார் இஸ்ஸத். "ஆள் இருக்கார். நோய் இல்ல. மூக்கு சுத்தம்."

"மூக்கு சுத்தம்தான்," என்றாள் ரிஹாப். அவள் குரலில் இருந்ததை இஸ்ஸத் அடையாளம் கண்டுகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுபடியுமா?"

"இது மூக்குல குடியிருக்கிற வைரஸ் இல்ல உஸ்தாத். அடி நுரையீரல்ல போய் உட்காரும். நாலு நாள் ஆனா மேல ஒண்ணும் இல்லாமலே போகலாம். டாக்டர் பாபிகிர்கிட்ட எக்ஸ்ரே கேட்டேன். இடது பக்கம் கீழே வெள்ளையா படர்ந்திருக்காம். ஆக்ஸிஜன் தொண்ணூறுக்கு வந்திருக்கு. ஆழத்துச் சளி வேணும்."

"வறட்டு இருமல்னு எழுதியிருக்காங்களே. சளிக்கு எங்க போவ?"

"உப்புத்தண்ணிய ஆவியாக்கிச் சுவாசிக்க வச்சா வரும். மூடின அறையில, எல்லாரும் நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு."

பெரியவரின் மகன் நஹார் அதற்குள் ஆய்வக ஜன்னலுக்கே வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் ஏழெட்டுப் பேர். எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும் யாரோ கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் உட்கார்ந்து ரிசல்ட் கொடுக்கும் பையன் போன இடம் தெரியவில்லை. ரிஹாபே போய் நின்றாள்.

"ரெண்டு தடவை பார்த்தாச்சு சகோதரி. ரெண்டு தடவையும் இல்ல. இன்னும் எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான் பார்த்திருக்கோம். முதல் குச்சி உங்க வாப்பா மூக்குக்கு மரியாதை பண்ணிட்டு வந்த குச்சி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நஹார் சிரிக்கவில்லை. "நாளைக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம். கூடார வாசல்ல வாப்பா நிக்கலேன்னா ஊர் என்ன பேசும் தெரியுமா?"

"அவர் நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நீங்க யாராவது அவர் கிட்ட போனீங்களா?"

"எங்க போறது? மூணு வாரமா பாலைவனத்துல ஒட்டகக் கொட்டில்லதான் இருந்தார். குட்டி போடற காலம். காய்ச்சல் வந்ததும் தானே வண்டிய ஓட்டிக்கிட்டு நேரா இங்க வந்துட்டார். நாங்க கண்ணாடி வழியாத்தான் பார்க்குறோம்."

"அது அல்லாஹ் செஞ்ச உதவி. அவர்கிட்டயே பேசறேன்."

ஆய்வகக்காரர்கள் நோயாளியைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அவர்களுக்கு மனிதர்கள் எல்லாம் குழாய்கள். ரிஹாப் வெள்ளைக் கோட்டோடு வராந்தாவைத் தாண்டி வார்டுக்கு நடந்தபோது அவள் பின்னால் அந்தக் கூட்டமும் நடந்தது. தனி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்லிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அந்த மூக்கு பார்க்கும்படியான மூக்குதான். மர்ஸூக்கின் பயம் அவளுக்கு லேசாகப் புரிந்தது. சுவரில் இருந்த போனை எடுத்தாள். அவர் உள்ளே இருந்ததை எடுத்தார்.

"நீதானா அந்தப் பொண்ணு? என் மூக்கை நம்பாதவ?"

"உங்க மூக்கு பொய் சொல்லல அபூ நஹார்," என்று, நஹாரின் தகப்பனே என்ற மரியாதையோடு அழைத்தாள் ரிஹாப். "அதுக்குத் தெரியாததைக் கேட்டா அது என்ன செய்யும்? நோய் இருந்தா அது உள்ள, ஆழத்துல இருக்கு."

"மூணாவது தடவையும் இல்லைன்னு வந்தா?"

"ஆழத்துலயும் இல்லைன்னா நானே வந்து கதவைத் திறந்து விடறேன்."

"உன் மெஷின் பொய் சொல்லாதுன்னு என்ன நிச்சயம்? இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா? என் பொண்ணு கல்யாணம் போச்சு."

ரிஹாபுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. வருஷக்கணக்காக டாக்டர்களே கேட்காத கேள்வி. கண்ணாடியில் கை வைத்து வேகமாகச் சொன்னாள்: "அதுக்குத்தான் உங்க குழாய் பக்கத்துலயே வெறும் தண்ணிய ஒரு குழாய்ல ஊத்தி ஓட்டறோம். சுத்தத் தண்ணி. அதுல ஒண்ணுமே வரக்கூடாது. தண்ணிக்கும் கொரோனான்னு மெஷின் சொன்னா, மெஷின் பொய், நானும் பொய்."

முத்லிக் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரம் ஆனது.

"மகளே," என்றார், மூச்சை வாங்கிக்கொண்டு. "ஒட்டகம் வாங்கப் போனா வெளிப் பார்வைய நம்பறவன் இல்ல நான். ஒரு மைல் ஓட விடுவேன். அப்புறம் விலாவுல காது வைப்பேன். உள்ள என்ன இருக்குன்னு அப்பத்தான் தெரியும். நீயும் அதைத்தான் சொல்ற, இல்லையா?"

"அதையேதான்!"

"சரி. நாளைக்கு மதியம் மூணு மணி அஸர் தொழுகை வரைக்கும் உனக்கு நேரம். பாங்கு சொல்றப்ப பதில் இல்லைன்னா, நான் இந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு என் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிடுவேன்." ஆள்காட்டி விரலை உயர்த்தி, ஆக்ஸிஜன் குழாய்க்கு மேலே மூக்கு நுனியில் வைத்தார்.

நஹார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அந்த விரல் அங்கே போய்விட்டால் அப்பீல் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும்.

*

வியாழன் காலை எட்டு மணிக்குச் சளி வந்தது. டப்பாவைப் பார்த்ததுமே ரிஹாப் "யா அல்லாஹ்!" என்றாள். பேரீச்சம் பாகு மாதிரி இருந்தது. பாதுகாப்புப் பெட்டிக்குள் கைகளை விட்டு, கரைக்கும் திரவம் ஊற்றிக் குலுக்கினாள். கரையவில்லை. இன்னும் ஊற்றிக் குலுக்கினாள். பிரித்தெடுத்துக் கழுவி மெஷினில் ஏற்ற ஒன்பதேமுக்கால் ஆனது. இஸ்ஸத் வெளியே டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. நாற்காலி உருண்டது.

வைரஸ் கோடு தரையில். மனிதக் கோடும் தரையில்.

"போச்சு," என்றார் இஸ்ஸத், கண்ணாடிக்கு வெளியே. "மறுபடியும் ஆள் இல்ல."

ரிஹாப் திரையையே பார்த்தாள். ஒரு மனிதனின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சளியில் மனிதனே இல்லையென்றால் அது எப்படி? செவ்வாய்க்கிழமைக் குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. இதில் ஒட்டாமல் போக வழியே இல்லையே. திடீரென்று மேஜையைத் தட்டினாள்.

"ஆள் இல்லாம இல்ல உஸ்தாத்! அதிகமா இருக்கார்! சளி கெட்டியா இருந்து மெஷினோட கழுத்தையே நெரிச்சிருக்கு! பத்துல ஒரு பங்கா தண்ணி கலந்து ஓட்டினா மூச்சு விடும்!"

"மணி என்ன தெரியுமா?"

"தெரியும். இந்தத் தடவை வைரஸோட மரபணுவுல ரெண்டு இடத்தைச் சேர்த்தே தேடப்போறேன். ஒரு இடத்துல மட்டும் ஏறினா நம்ப மாட்டாங்க. நானும் நம்ப மாட்டேன்."

பன்னிரண்டே முக்காலுக்குக் குழாய்கள் உள்ளே போயின. முத்லிக்கின் சளி, பத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் தண்ணீர். மதியச் சாப்பாடு மேஜையில் ஆறிக் கிடந்தது. வெளியே நஹாரின் வண்டி எஞ்சின் ஓடியபடியே நின்றது. பின்சீட்டில் அவன் வாப்பாவுக்காக இஸ்திரி போட்ட அங்கியும் தங்கச் சரிகை மேலாடையும் ஹாங்கரில் தொங்கின. தம்பி போன் செய்தான். "பத்து நிமிஷம்டா," என்றாள். "தெரியும், தூங்கப் போறேன்," என்று வைத்துவிட்டான்.

பதினைந்தாம் சுற்று. ஒன்றும் இல்லை. இருபது. இருபத்தொன்று. மனிதக் கோடு எழுந்தது.

"மூச்சு விடுது!" என்று கத்தினாள். இஸ்ஸத் தேநீரை வைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

இருபத்துமூன்று. இருபத்துநாலு. இன்னொரு கோடு தரையிலிருந்து பிரிந்தது. முதலில் சந்தேகம் மாதிரி, அடுத்த சுற்றில் உறுதியாக, அதற்கடுத்த சுற்றில் செங்குத்தாக. இருபத்தைந்தில் வைரஸின் இரண்டாவது இடமும் அதன் பின்னாலேயே கிளம்பியது.

"ஏறுது! ஏறுது தாயே!" இஸ்ஸத் அவளைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"தண்ணி? தண்ணி என்ன ஆச்சு?"

இரண்டு பேரும் நாற்பதாவது சுற்று வரை தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு சொட்டுக்கூட அசையவில்லை.

மணி இரண்டு இருபது. ரிஹாப் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். கை மேலே இருக்கும்போதே கண்ணாடிக்கு அப்பால் இருமிய அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். கைகளை மெதுவாக இறக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"டாக்டர் பாபிகிர், இருக்கு. ரெண்டு இடத்துலயும். கதவைத் திறக்காதீங்க."

அடுத்த அரை மணி நேரத்தில் ஒட்டகக் கொட்டிலில் முத்லிக்கோடு இருந்த இரண்டு மேய்ப்பர்களைக் கூட்டிவர ஆம்புலன்ஸ் கிளம்பியது. முத்லிக்குக்கு மூச்சு இன்னும் மோசமானால் வைக்க ஐசியூவில் ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. மூன்று நாளாக அவர் அறைக்குள் போய்வந்த மர்ஸூக்கை நாற்காலியில் உட்காரவைத்து, பாபிகிர் குச்சியைப் பிரித்தார்.

"டாக்டர், கொஞ்சம் மெதுவா..." என்றான் மர்ஸூக்.

"கடைசிச் சுவர் வரைக்கும்டா தம்பி," என்றார் பாபிகிர். "படம் பார்த்திருக்கேல்ல?"

அவன் போட்ட சத்தம் ஆய்வகம் வரை கேட்டது என்று இஸ்ஸத் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அஸர் பாங்கு சொன்னபோது ரிஹாப் கண்ணாடிக்கு முன்னால் போனோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். முத்லிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி என்ன சொல்லுச்சு?"

"சும்மா இருந்துச்சு அபூ நஹார். கடைசி வரைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு தன் மகனைக் கூப்பிடச் சொன்னார்.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு கூடாரத்தில் ஐந்நூறு பேர் கூடினார்கள். வாசலில் தகப்பனின் இடத்தில் நஹார் நின்றான். வரிசை தொடங்கும் முன் யாரோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு போனைப் பிடித்தார்கள். மூச்சிரைப்போடு முத்லிக்கின் குரல் வந்தது.

"இன்னைக்கு யாரும் யார் மூக்கையும் தொடக் கூடாது. நெஞ்சுல கை வச்சு சலாம் சொல்லுங்க. என் மூக்கு மேல சத்தியம்."

யாரோ ஒரு கிழவர், "எந்த மூக்கு? அந்தப் பொண்ணு நம்பாத மூக்கா?" என்று கத்தினாராம். கூடாரமே அதிரச் சிரித்துவிட்டு, ஐந்நூறு பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள். யாரோ எடுத்த வீடியோவை மர்ஸூக் ரிஹாபுக்குக் காட்டினான். அவனுக்கு நெகட்டிவ். மனிதக் கோடு இருபத்திரண்டாம் சுற்றிலேயே ஏறியிருந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

முத்லிக்குக்கு அடுத்த வாரம் மூச்சு ரொம்பவே மோசமாகி, பிறகு மெல்லத் திரும்பியது. வெளியே விட இரண்டு நெகட்டிவ் வேண்டும், அதுவும் ஆழத்துச் சளியில் என்று ரிஹாப் பிடித்த பிடியில் நின்றாள். இருபத்துமூன்றாம் நாள் இரண்டாவது நெகட்டிவும் வந்தது.

அன்று பகல் ஆய்வக ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. பத்துக் கிலோ இளைத்திருந்தார். மூக்கு மட்டும் இளைக்கவில்லை. பின்னால் நஹார் வண்டிச் சாவியோடு நின்றான். மருமகன் வீட்டில் மதியச் சாப்பாடு காத்திருந்தது.

"போகலாம்னு தாள்ல எழுதிக் கொடுத்துட்டாங்க மகளே. ஆனா உன்கிட்ட கேக்காம எப்படிப் போறது?" ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தார். "ஆள் இருந்தாரா?"

"இருந்தார் அபூ நஹார். இருபத்தொண்ணுலயே ஏறிட்டார்."

"தண்ணி?"

"சும்மா இருந்துச்சு."

"அப்ப சரி," என்றார் முத்லிக். மகன் பக்கம் திரும்பினார். "வண்டிய எடு."